மெழுகுவத்தி ஏற்றி எந்தச் சண்டை நின்றது?

கேள்வி: 10 ஆகஸ்ட் 2025

ஐயா, இந்தியா-பாகிஸ்தான் மக்கள் நட்பு என்று ஒரு சின்ன தொண்டு அமைப்பில் இருப்பதாக வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடமாக வாகாவில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நடுவில் கார்கில், மும்பை, புல்வாமா, இப்போது பஹல்காம். இந்த வேலை ஒரே ஒரு சண்டையையாவது தடுத்திருக்கிறதா? இல்லையென்றால் எதற்கு இன்னும் நடத்துகிறீர்கள்? (நெல்லையிலிருந்து ஒரு வாசகன்)

11 ஆகஸ்ட், காலை

இல்லை தம்பி. ஒன்றையும் தடுக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு ராத்திரி எழுதுகிறேன். மும்பை செம்பூரில் நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது.

11 ஆகஸ்ட், இரவு

முதலில் மெழுகுவத்தி விஷயம். அதைத் தொடங்கியவர் குல்தீப் நய்யார். சியால்கோட்டில் பிறந்து, பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த பத்திரிகையாளர். ஆகஸ்ட் 14 நள்ளிரவு, அவர்கள் சுதந்திர தினம் முடிந்து நம்முடையது தொடங்கும் நேரத்தில் வாகாவின் இந்தியப் பக்கமான அட்டாரி கேட் அருகே நின்று ஏற்றுவார்கள். நய்யார் 2018இல் காலமானார்.

நானும் போய் நின்றிருக்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. பஞ்சாபிப் பாட்டு, எனக்கு ஒரு வரி புரியவில்லை. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மாட்டுங்கா, செம்பூர் என்று வளர்ந்த தமிழனுக்கு லாகூரில் என்ன இருக்கிறது? அன்றைக்கே தோன்றியது, இது அவர்களுடைய திதி. திதி கொடுப்பவரிடம் போய் என்ன பலன் என்று கேட்கலாமா?

எங்கள் அமைப்பு அந்த வகை இல்லை. ஒரு நண்பர் வீட்டு மாடி அறை, ஒரு பீரோ, மை தீர்ந்தால் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் ஒரு பிரிண்டர். ரிட்டயர்டு பேங்க் ஆட்கள் சிலர், ஒரு வக்கீல், ஒரு கல்லூரி ஆசிரியை. எங்கள் முக்கிய வேலை ஃபைல் பார்ப்பது, அதிலும் மீனவர் ஃபைல்.

13 ஆகஸ்ட்

"மீனவர் ஃபைல்னா என்ன சார், அது தூதரக வேலை ஆச்சே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது இது.

குஜராத்தில் ஓகா, போர்பந்தர், வேராவல் பக்கமிருந்து படகுகள் போகும். படகை ஓட்டுபவர் டாண்டேல், மற்றவர்கள் கலாசி. கலாசிகளில் நிறையப் பேர் டையூ ஆட்கள், மகாராஷ்டிராவில் பால்கர் மாவட்டத்து ஆதிவாசிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளத்துக்காரர்கள். சீசனுக்குக் கூலிக்கு வருபவர்கள். படகுக்கும் அவர்களுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

குஜராத்துக்கும் சிந்துவுக்கும் நடுவே சர் கிரீக் என்று ஒரு சதுப்பு ஓடை, 96 கிலோமீட்டர். அது யாருக்கு எதுவரை என்பது இன்னும் தீரவில்லை. அது தீராததால் அதற்கு நேராகக் கடலிலும் இரண்டு நாடும் ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. ஒப்புக்கொள்ளாத எல்லையைத் தாண்டினாய் என்று அவர்களும் பிடிப்பார்கள், நம்மவர்களும் அவர்களுடைய ஆட்களைப் பிடிப்பார்கள். நம் ஆள் போவது கராச்சி மலிர் ஜெயிலுக்கு. படகு அங்கேயே நின்றுவிடும், பெரும்பாலும் திரும்பி வராது.

தண்டனை என்னவோ சில மாதம்தான். ஆனால் தண்டனை முடிந்த அன்று வெளியே விட மாட்டார்கள். இவன் இந்தியன்தான் என்று இந்தியா எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவன் சொன்ன ஊர், தகப்பன் பெயர் எல்லாம் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு, கடைசியில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஒரு கான்ஸ்டபிள் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வீடு பால்கரில், படகு குஜராத்தில். ரேஷன் கார்டில் ஒரு பெயர், படகு டோக்கனில் (கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டு) கூப்பிடும் பெயர். "இப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டால் அந்த மனுஷன் இன்னொரு வருஷம் உள்ளே.

நாங்கள் செய்வது அந்தக் கதவைத் தட்டுகிற வேலை. ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டர் ஐடி, படகுக்காரரிடம் டோக்கன் நகல். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கவர் டெல்லிக்கு. அதே ஃபைலின் இன்னொரு முனையை கராச்சியில் ஒரு குழு பிடித்துக்கொண்டிருக்கும். அவர்களும் எங்களைப் போலத்தான், ஒரு மாடி அறை. அவர்கள் ஆட்கள் இங்கே குஜராத் ஜெயிலில் இருப்பார்கள், அதை நாங்கள் பார்ப்போம். மக்கள் ராஜதந்திரம் என்று நோட்டீஸில் போட்டுக்கொள்கிறோம். உண்மையில் ஜெராக்ஸ் கடை வேலை.

14 ஆகஸ்ட்

"ஜெராக்ஸ் கடைக்கு எதற்கு மக்கள் தூதர் பட்டம்" என்று கிண்டல் வந்திருக்கிறது. நியாயம்தான். பட்டம் போட்டால்தான் ஹால் வாடகையில் தள்ளுபடி கிடைக்கிறது.

16 ஆகஸ்ட்

தூதரகம் செய்யாதா என்ற கேள்விக்குப் பதில் பாக்கி.

செய்யும். அதற்கு ஒப்பந்தமே இருக்கிறது, 2008 மே 21 தேதியிட்டது. கைதான மூன்று மாதத்துக்குள் தூதரக அதிகாரி பார்க்க அனுமதி, தண்டனை முடிந்து குடியுரிமையும் உறுதியானால் ஒரு மாதத்துக்குள் விடுதலை, ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் கைதிகள் பட்டியல் பரிமாற்றம். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது.

இந்த வருஷம் மே மாதம் ஏவுகணை பறந்தது. ஜூலை 1 வந்தது, பட்டியல் கைமாறியது. நம்மிடம் அவர்களுடைய கைதிகள் 382, மீனவர்கள் 81. அவர்களிடம் நம்முடைய கைதிகள் 53, மீனவர்கள் 193. இதை யாரும் பிரேக்கிங் நியூஸ் போடவில்லை. தூதரக அதிகாரிகளை வெளியேற்று, தண்ணீரை நிறுத்து என்று எல்லாம் நடந்த வருஷத்தில் இந்த ஒன்று நிற்கவில்லை.

ஆனால் பட்டியல் வந்தால் ஆள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பிப்ரவரியில் 22 பேர் வந்தார்கள். ஏப்ரலில் அட்டாரியை மூடிவிட்டார்கள். கராச்சியிலிருந்து ஓகாவுக்குக் கடல் வழியாக எவ்வளவு கிட்டம் என்று மேப்பில் பாருங்கள். விடுதலையானவர்கள் அந்த வழியாக வருவதில்லை. கராச்சியிலிருந்து லாகூருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில். அந்தச் செலவைப் பாகிஸ்தானின் ஈதி அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். வாகாவில் நடந்து எல்லையைத் தாண்டி, அமிர்தசரஸிலிருந்து திரும்ப அதே அளவு தூரம் கீழே இறங்கி குஜராத். பக்கத்து வீட்டுக்குத் தெருக்கோடி சுற்றிப் போகிற கதை. இப்போது அந்தத் தெருக்கோடியையும் அடைத்தாயிற்று.

17 ஆகஸ்ட்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஜெயிலில் இறந்துபோகிறவர்களும் உண்டு. உடல் வந்து சேர வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். பால்கரில் ஒரு வீட்டில் அந்தச் செய்தியை நாங்கள்தான் சொல்ல வேண்டியதாயிற்று. இறந்தவரின் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே நாங்கள் அதுவரை கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு இரண்டு நகல். அடுத்த முறை கேட்டால் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

நிவாரணத் தொகை கேட்டு ஓர் அலுவலகம் போனோம். படகு இருக்கும் மாநிலத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் ஆள் இருக்கும் மாநிலத்தைக் கேளுங்கள் என்றார்கள். இதை நீட்டினால் எனக்கு பி.பி. ஏறும்.

24 ஆகஸ்ட்

நெல்லைத் தம்பி மறுபடி வந்திருக்கிறார். "சண்டையைப் பார்க்காதவர்கள்தான் சமாதானம் பேசுவார்கள்" என்கிறார்.

அட்மிரல் ராம்தாஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? லட்சுமிநாராயண் ராம்தாஸ். எங்கள் மாட்டுங்காவில் பிறந்தவர். 1971 போரில் ஐஎன்எஸ் பியாஸ் கப்பலின் கேப்டன், கிழக்குப் பாகிஸ்தானை முற்றுகையிட்ட படையில் இருந்த கப்பல் அது. வீர் சக்ரா வாங்கினார். 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதி. ரிட்டயர் ஆன பிறகு அலிபாக் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு, பாகிஸ்தான்-இந்தியா மக்கள் மன்றத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்த மன்றம் 1994இல் லாகூரில் கூடிப் பேசி, 1995இல் டெல்லியில் முதல் மாநாடு நடத்தியது. 2004இல் மகசேசே விருதை அவருக்கும் பாகிஸ்தானின் ஐ.ஏ. ரஹ்மானுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரஹ்மான் அங்கே மனித உரிமை ஆணையத்தில் நீண்ட காலம் வேலை செய்த பத்திரிகையாளர். ராம்தாஸ் 2024 மார்ச்சில் போனார், ரஹ்மான் 2021இல்.

ராம்தாஸ் சண்டை பார்த்தவர்தான் தம்பி. அவர் அளவுக்குப் பார்த்தவர் இந்த இழையில் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

30 ஆகஸ்ட்

ராமேஸ்வரம் அண்ணன் ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார்: "குஜராத் மீனவனுக்கு உருகுகிறீர்கள், நம்ம ஆளை இலங்கை பிடிக்கும்போது உங்கள் மாடி அறை எங்கே போச்சு?"

அண்ணே, அங்கே எங்களைவிடப் பெரிய ஆட்கள் முயற்சி செய்தார்கள். 2004இல் நம் மீனவர்களையே இலங்கைக்குக் கூட்டிப்போய் அங்குள்ள மீனவர்களோடு உட்கார வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் அவர்கள் இங்கே வந்தார்கள். மீனவர்களே நேருக்கு நேர் பேசினார்கள், பெரும்பாலும் தமிழில். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலையை ஒரு வருஷத்தில் நிறுத்துவது, அதுவரை வருஷத்துக்கு 70 நாள் மட்டும் என்று பேசி முடித்தார்கள். எங்கள் இந்தியா-பாகிஸ்தான் கூட்டம் எதிலும் இந்த அளவுக்குத் துல்லியமாக ஒரு முடிவு வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? இரண்டு அரசும் அதன் மேல் கையெழுத்துப் போடவில்லை. படகு முதலாளிக்குக் கடன் இருக்கிறது, ஓட்டாமல் எப்படி அடைப்பார்? யாழ்ப்பாணத்துக்காரன் வலை அறுந்துகொண்டே இருந்தது. 2017இல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகாக மாற்றும் திட்டம் வந்தது. சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்லி என்ன.

இங்கே எனக்கு உறைப்பது இதுதான். பாகிஸ்தான் விஷயத்தில் மக்கள் பேசினால் தீரும் என்று சொல்லிக்கொள்வோம். பாக் நீரிணையில் மக்கள் பேசினார்கள், தீர்வும் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து நடத்த ஆள் இல்லை.

15 செப்டம்பர்

நேற்று துபாயில் இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் பார்த்தீர்களா? நம் ஆட்கள் ஜெயித்துவிட்டுக் கைகூடக் கொடுக்காமல் போய்விட்டார்கள். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் சபாஷ், பாதிப் பேர் சீச்சீ.

எனக்கு 1999 சேப்பாக்கம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஜனவரியில் பாகிஸ்தான் அணி ஆடக் கூடாது என்று டெல்லி பிட்சைத் தோண்டினார்கள், இங்கே மும்பையில் கிரிக்கெட் போர்டு ஆபீஸை அடித்து நொறுக்கினார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் வேன் வரிசை. சென்னையில் மேட்ச் நடந்தது. 271 அடிக்க வேண்டும், சச்சின் முதுகு வலியோடு 136. ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது சக்லைன் பந்தில் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். மீதி விக்கெட் மளமளவென்று போய் 12 ரன்னில் தோல்வி. ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

2003 டிசம்பரில் மக்கள் மன்ற மாநாட்டுக்குக் கராச்சி போனபோது நான் மதராஸ்காரன் என்று தெரிந்ததும் ஹோட்டல் கேஷியர் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்கு நீங்கள் கிரவுண்டில் இருந்தீர்களா என்றுதான். இல்லை, மும்பையில் டிவியில் பார்த்தேன் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மதராஸ்காரர் எல்லோருமே அன்று ஸ்டேடியத்தில் இருந்ததாக நினைத்திருக்கிறார்.

அதே பயணத்தில் ஜின்னா ஆஸ்பத்திரி பக்கம் மதராஸி பாடா போனோம். தமிழ்க் குடும்பங்கள், மாரியம்மன். உருது கலந்த தமிழில் ஒரு பாட்டி எங்களை நிற்க வைத்து, மும்பையில் மழை எப்படி, அரிசி என்ன விலை என்று கேட்டார். சமாதானம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாநாட்டில் அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருந்தோம்.

16 செப்டம்பர்

"சேப்பாக்கம் கைதட்டல்னா சயீத் அன்வர் 194 தானே" என்று திருத்த வந்த நண்பருக்கு: அது 1997 மே, ஒரு நாள் போட்டி. அன்றைக்கும் தட்டினார்கள். நான் சொன்னது டெஸ்ட்.

நெல்லைத் தம்பியின் பதில் எதிர்பார்த்ததுதான்: "ஜனவரியில் கைதட்டல், பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ், மே மாதம் கார்கில்." ஆமாம். வரிசை அதேதான். மறுக்க ஒன்றுமில்லை.

29 செப்டம்பர்

நேற்று இரவு ஆசியக் கோப்பை ஃபைனல், ஜெயித்தும் நம் ஆட்கள் கோப்பையையே வாங்கவில்லை. கிரிக்கெட் பேச்சை இத்தோடு விடுகிறேன். இழை எங்கேயோ போய்விட்டது.

"உங்களை மாதிரி அமைப்புகள் எதிரிக்குப் பேசும் வாய்" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். இந்தப் பயம் எனக்கும் உண்டு. உதாரணம் நம் ஊரில் தேட வேண்டாம். 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் ஷரோன் டென்னிசன் என்ற நர்ஸ், அமெரிக்கா-சோவியத் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது சாதாரண அமெரிக்கர்களை மாஸ்கோவுக்குக் கூட்டிப்போனார். சின்ன அமைப்பு. பின்னால் ஆயிரக்கணக்கான ரஷ்யச் சிறுதொழில்காரர்களை அமெரிக்கக் கம்பெனிகளில் பழக வைத்தார்கள். நல்ல வேலை, கையால் தொட்டுப் பார்க்கிற வேலை. ஆனால் 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட பிறகு அந்தப் பக்கத்து அரசின் நியாயத்தையும் எடுத்துச் சொல்லப் போய், புதினுக்கு வக்காலத்து என்ற பேர் வந்தது. எதிராளி நாட்டில் பழகப் பழக அங்குள்ள மனிதர்கள் பிடித்துப் போவார்கள், அந்தப் பிரியம் மெல்ல அவர்கள் அரசின் மேலும் வழியும். கராச்சி நண்பர்களிடம் இதைப் பேசியிருக்கிறோம். அவர்களுக்கு அங்கே "இந்திய ஏஜெண்ட்" பட்டம். எங்களுக்கு இங்கே என்ன பட்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபைலோடு நின்றால் வழுக்காது என்பது என் கணக்கு. பஹல்காமில் யார் கை என்று அறிக்கை விடச் சொல்லி எங்களுக்குள்ளேயே ஒருவர் வற்புறுத்தினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை.

5 அக்டோபர்

ஆகஸ்ட் 11 குறிப்பைத் திரும்பப் படித்தேன். மெழுகுவத்தியைத் திதி என்றது இன்னும் என் கருத்துதான், ஆனால் அதோடு ஒன்று சேர்க்க வேண்டும்.

2003 ஜூலையில் டெல்லி-லாகூர் பஸ் மறுபடி ஓடியபோது நூர் ஃபாத்திமா என்ற இரண்டரை வயதுக் குழந்தை இதய ஆபரேஷனுக்குப் பெங்களூர் வந்தது. நாடே அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியது. 2024 ஜனவரியில் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்குச் சென்னையில் இதய மாற்று. செலவை ஒரு சென்னை டிரஸ்டும் மருத்துவர்களும் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. இந்த ஏப்ரலில், இதய ஆபரேஷனுக்காக டெல்லி வந்திருந்த சிந்து ஹைதராபாத் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் ஆபரேஷன் ஆகாமலே ஊர் திரும்பினார்கள். டாக்டர்கள் அதேபோலத்தான் இருந்தார்கள், ஆஸ்பத்திரியும் இருந்தது. "பாவம், அந்தக் குழந்தைகளை மட்டும் விடுங்கள்" என்று வெளியில் சத்தமாகச் சொல்கிற கூட்டம் இந்த முறை இல்லை. மெழுகுவத்திக்காரர்கள் அந்தக் கூட்டத்தைத்தான் வருஷா வருஷம் உயிரோடு வைத்திருந்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது. ஃபைல் தள்ளுகிற எங்களால் அது முடியாது. எங்கள் கடிதத்தை ஓர் அதிகாரி மதித்துப் பிரிக்க வேண்டுமென்றால், வெளியில் நாலு பேர் முணுமுணுக்க வேண்டும்.

தபாலும் மே 3இலிருந்து இல்லை. நம் அரசு நிறுத்தியது. மலிரில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போடும் கடிதம் இப்போது எந்த வழியாக வருகிறது என்று இங்கே எழுத மாட்டேன். வருகிறது, அவ்வளவுதான்.

12 அக்டோபர்

நெல்லைத் தம்பி, உங்கள் தனி மடல் கிடைத்தது. சண்டை பற்றிய உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம், அது இந்த வேலைக்குத் தேவையும் இல்லை.

குஜராத்தி வாசிக்கத் தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எக்ஸெல் தெரிந்தால் போதும். ஸ்ரீகாகுளம் பெயர்கள் பட்டியலில் வந்தால் தெலுங்கு தெரிந்தவர் வேண்டியிருக்கும். உங்கள் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் விசாகப்பட்டினத்தில் இருப்பதாகச் சொன்னீர்களே, அவரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த பட்டியல் ஜனவரி 1. அதற்கு முன்னால் ஜூலைப் பட்டியலில் உள்ள 193 பெயர்களில், வீட்டு விலாசம் சரிபார்க்காதவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு நாங்கள் கூடுவோம், கராச்சிக்காரர்களும் லைனில் வருவார்கள், அவர்களுக்கு அப்போது இரண்டரை. லிங்க் அனுப்புகிறேன். கேமரா வேண்டாம், நெட் தாங்காது.